கஞ்சி மூடியின் நெளிசல்

எங்கள் அடுப்படிச் சுவரில் ஓர் அலுமினிய மூடி தொங்குகிறது. பெரிய தேக்சாவின் மூடி அது. விளிம்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு நெளிசல். எந்தப் பாத்திரத்தின் மேலும் சரியாக உட்காராது. மருமகள் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடப் பார்ப்பாள். நான் எடுத்து மறுபடி மாட்டிவிடுவேன். காரணம் கேட்டால் சிரித்து மழுப்புவேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் கூச்சம். எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்தபோது பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, ஒரே வாசல், அதில் காவல். காட்டில் மறைந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே போக விடமாட்டார்கள். வாசலை ஒட்டியே என் வீட்டுக்காரரின் கோப்பிக்கடை. கடைக்குப் பின்னால் எங்கள் குடித்தனம்.

அவர் மனசு தங்கம். கோபம்தான் பொல்லாதது. கோப்பி தண்ணியாக இருக்கிறது என்று சொன்ன வேலை மேய்க்கும் ஒரு மண்டோரின் காலடியில் கிளாசை வீசி உடைத்திருக்கிறார். அன்றைக்கே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்து, இன்னொரு சண்டை என்று கேள்விப்பட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் தோட்டத்துத் துரை என்று எச்சரித்துப் போனார். அதற்குப் பிறகு நோன்பு மாதம் வந்தது.

“இந்த நோன்புல வயித்தோட சேத்து வாயையும் கட்டிப் போடுறேன் பாரு” என்றார் என்னிடம். நோன்பு பசியோடு முடிவதில்லை, நாக்குக்கும் கைக்கும் அது உண்டு, யாராவது வம்புக்கு வந்தால் ‘நான் நோன்பாளி’ என்று சொல்லி விலகிவிட வேண்டும் என்று சிறுவயதில் ஓதும்போதே கேட்டவர்கள்தாம் நாங்கள். ஆனால் கடை நிறைய ஆள் இருந்து, அடுப்பும் புகைகிற காலை நேரத்தில் அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

அவர் சொல்லத்தான் செய்தார். கல்லை எடுத்து எறிவதுபோலச் சொன்னார். “நான் நோன்பு!” என்று அவர் போடும் சத்தத்தில் கோழிகள் ஓடும். எதிரே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து அக்கா விடமாட்டார். “ஏன் பாய், இது நோன்பா, இல்ல ஏச்சா?” என்பார். இவருக்கே சிரிப்பு வந்துவிடும். நாளாக நாளாகச் சத்தம் குறைந்தது. எனக்குள் ஒரு பெருமை, அவரிடம் சொல்லவில்லை.

வேலிக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன சூராவ். அங்கே தொழ வருகிறவர்களுக்கு ஒரு நாளாவது நோன்புக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் பங்கு அரிசியில் மிச்சம் பிடித்து, தேங்காய்ப்பாலும் வெந்தயமும் ரம்பை இலையும் போட்டுக் காய்ச்சினேன். மணம் லயம் வரை போனது. தேக்சாவைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். வேலிக்குள்ளேயே கஞ்சி காய்ச்சிப் பழகியதில், அதுவும் சோறுதான் என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

காவலுக்கு நின்ற மலாய்க்காரத் தம்பி மறித்தான். சாக்குக் குத்திப் பார்க்கும் இரும்புக் கம்பியால் மூடியை நெம்பினான். அந்தக் கம்பி கஞ்சியில் பட்டுவிடுமே என்று இவர் மூடியை இரு கையாலும் அழுத்தினார். மூடி நெளிந்தது. கடை வாசலில் நின்ற எனக்கு உயிர் போய்விட்டது. இவர் கை ஓங்கினால் கடை போச்சு, சோறு போச்சு.

“சாயா புவாசா!” நான் நோன்பு என்று மலாயில் கத்தினார்.

“சாயா புன் புவாசா!” நானும் நோன்புதான் என்று அவன் அதைவிடச் சத்தமாகக் கத்தினான்.

இவர் மறுபடி கத்த, அவனும் மறுபடி கத்த, வேலை முடிந்து வந்தவர்கள் கூடிவிட்டார்கள். எதிர் லயத்து அக்கா கூட்டத்திலிருந்து, “ரெண்டு பேரும் நோன்பாம்லா! அப்ப சண்டைய யாருதான் போடுறது?” என்றார். கூட்டமே சிரித்தது. முதலில் இவர் உதடு துடித்தது, பிறகு அந்தத் தம்பியின் உதடு. கம்பி கீழே இறங்கியது.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். கஞ்சி வெளியே போக முடியாது என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். இவர் சாலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்தவர்களைப் பார்த்தார், தேக்சாவைத் தூக்கினார், திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கூச்சம் எங்கே போனதோ, தலைத்துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டேன்.

“கஞ்சிதானே வெளிய போவக் கூடாது? அவங்கள உள்ள வரச் சொல்லுங்களேன்!”

இவர் மலாயில் சொன்னார். தம்பி யோசித்தான். பிறகு ஒவ்வொருவர் அடையாள அட்டையாகப் பார்த்து உள்ளே விட்டான். சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். பாங்கு கேட்டதும் முதல் கிண்ணத்தை இவர் அந்தத் தம்பி கையில் கொடுத்தார். அவனுடைய இரும்புக் கம்பி, வேலியோரம் சாய்ந்து கிடந்தது. சிரிக்க வைத்த அக்காவுக்கும் கிண்ணம் போனது. வழித்து ஊற்றியதில் எனக்குத்தான் அரை அகப்பை. அதுபோல ருசியான கஞ்சியை நான் பிறகு குடித்ததில்லை.

இப்போது சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறோம். போன வாரம் மருமகள் புது மூடி வாங்கி வந்து, பழையதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். கண்டுவிட்டார் இவர். முகம் சிவந்தது, மூக்கு விடைத்தது. கூடையிலிருந்து மூடியை எடுத்துத் துடைத்தார். நெளிசலில் விரல் போனது. என்னைப் பார்த்தார்.

“நான் நோன்பு” என்றார் மெதுவாக.

மருமகள் விழித்தாள். அது நோன்பு மாதமே இல்லை.