நோரிஸ் தைத்த வெளிர்நீலக் கோட்டு

இங்கிலாந்தில், ஹல் துறைமுகத்தின் ஹெஸ்ஸில் சாலையில் மீன்புகை வாடை அடிக்காத இடம் நோரிஸ் சட்டபியின் தையல் கடை ஒன்றுதான். ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்காரர்களுக்கு மூன்று வாரம் கடல், மூன்று நாள் கரை. அந்த மூன்று நாளும் ராஜா மாதிரி திரிய வேண்டும் என்று அவனிடம் வந்து நிற்பார்கள். கோட்டுக்கு முதுகில் மடிப்பு வைத்து, பிறை வடிவில் பை வைத்து, ரோஜா நிறத்திலும் இளம்பச்சையிலும் தைத்துக் கொடுப்பான். ஒல்லியான ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாயில் எந்நேரமும் நாலைந்து குண்டூசி இருப்பதால் பேச்சும் குறைவு.

1959 வசந்தத்தில் 'கிரே லின்னெட்' கப்பலின் வயர்லெஸ்காரன் லென் பிளெங்கின் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தான்.

"என்ன கலர் வேணும்?" என்றான் நோரிஸ்.

"வடக்கே, புயல் ஓஞ்ச காலைல ஒரு வானம் இருக்கும். வெளுத்த நீலம். அந்தக் கலர்."

"நான் பாத்ததில்லையே."

"கண்ண மூடுங்க, சொல்றேன்."

நோரிஸ் உண்மையாகவே கண்ணை மூடினான். திறந்தபோது லென் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அளவு நாடா எப்போது தரையில் விழுந்ததென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஆணும் ஆணும் நேசித்தால் சிறை என்றிருந்த காலம் அது. ஊர் கண்ணுக்கு லென் ஒரு வாடிக்கையாளன், அவ்வளவுதான். அவன் கடலில் இருக்கும் நாட்களை நோரிஸ் அரைத்தூக்கத்தில் நடப்பவன் போலக் கழிப்பான். கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவது அந்தத் தெருவின் வீட்டு ரேடியோக்களில் கேட்கும். அலையின் இரைச்சலுக்கு நடுவே லென்னின் குரல் வரும். மீன், காற்று, பனி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "இங்க வானம் வெளிர்நீலம்" என்பான்.

"யோவ் பிளெங்கின்! இங்க மூக்கு நுனி தெரியல, உனக்கு மட்டும் எங்கய்யா நீலம்?" என்று வேறொரு கப்பல்காரன் கத்துவான். நோரிஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பான். துணி, சுவர், தேநீர்க் கோப்பை எல்லாமே கொஞ்ச நேரம் நீலமாகத் தெரியும்.

1962 ஜனவரியில் கிரே லின்னெட்டின் குரல் நின்றுபோனது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். மாலுமிகள் வீட்டுப் பெண்கள் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். போய்க் கேட்க நோரிஸுக்கு என்ன உரிமை? ஒரே சட்டைக்கையைத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து உட்கார்ந்திருந்தான்.

ஆறாம் நாள் காலை பக்கத்து வீட்டு ஐவி உள்ளே வந்தாள். அவள் புருஷனும் அதே கப்பலில்தான் இருந்தான்.

"கோட்ட மாட்டு. கெளம்பு."

"எங்கக்கா?"

"ஆபீசுக்கு. எம்புருஷன் கப்பலேறுற அன்னிக்கு நான் துணி தொவைக்க மாட்டேன். தொவச்சா கடல் ஆள அடிச்சிட்டுப் போயிரும்னு இந்தத் தெருவுல எவளும் தொவைக்க மாட்டா. கடல்ல ஆளே இல்லாத உன் கொடி எதுக்குப்பா அன்னிக்கு மட்டும் காலியா கெடக்கு? ரெண்டு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்கேன்."

நோரிஸ் எழுந்து கதவைச் சாத்தினான். "அக்கா, வெளிய சொல்லிட்டா நான்..."

"சொல்றவளா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன். ஊசிய துப்பிட்டு வா கண்ணு, முழுங்கித் தொலைக்காத."

தலைத்துணி கட்டிய பெண்களின் வரிசையில் அவன் ஒருவனே ஆண். வெளியே மூடுபனி, நதியும் தெருவும் ஒன்றாய் மிதந்தன. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான். "குடும்பத்தார் மட்டும்தான். நீங்க பிளெங்கினுக்கு என்ன உறவு?"

நோரிஸ் ஐவியைத் திரும்பிப் பார்த்தான்.

"உறவுதான். அவன் தோள் எத்தன அங்குலம்னு பெத்தவளுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். பேர எழுதுய்யா!" என்றாள் ஐவி. வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். குமாஸ்தா எழுதினான்.

மறுநாள் காலை சேதி வந்தது. கப்பலெங்கும் பனி உறைந்து வயர்லெஸ் ஏரியல் முறிந்து, ஐஸ்லாந்தின் ஒரு குடாவில் ஒதுங்கியிருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. ஏரியலை வெறுங்கையால் கட்டப்போன லென்னுக்கு மட்டும் வலக்கையில் இரண்டு விரல் போயிற்று.

அதற்குப் பிறகு லென் கடலுக்குப் போகவில்லை. தையல் கடையின் மாடியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டான். மாடியில் 'வாடகைக்கு' இருக்கிறான் என்று ஐவி கேட்டவருக்கெல்லாம் சொன்னாள், கேட்காதவருக்கும் சொன்னாள்.

1967இல் சட்டம் மாறியபோது லென் காலைச் சாப்பாட்டு மேசையில் பேப்பரைப் படித்தான். "கரையில, கதவச் சாத்திக்கிட்டா இனிமே குத்தம் இல்லையாம். கப்பல் ஆளுங்க கப்பலுக்குள்ளன்னா இப்பவும் குத்தந்தானாம்."

"டோஸ்ட் ஆறுது பாரு," என்றான் நோரிஸ். ஆனால் வெண்ணெய் தடவிய டோஸ்டுக்கே இன்னொரு முறை வெண்ணெய் தடவினான். மேசைக்கு அடியில் லென்னின் கால் அவன் காலைத் தொட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லென் அந்த வெளிர்நீலக் கோட்டைப் போட்டுக்கொள்வான், இருவரும் ஹம்பர் நதியைக் கடக்கும் படகில் ஏறுவார்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும். மணல்திட்டுகள் மெல்ல எழுந்து மெல்ல மறையும். அக்கரையில் எல்லாரும் இறங்குவார்கள், இவர்கள் மட்டும் மேல்தட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏன் சார், எறங்கலியா?" என்பார் டிக்கெட்காரர்.

"அங்க எங்களுக்கு ஒரு வேலையும் இல்லப்பா," என்பான் லென், மூன்று விரல் கையால் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு. "சும்மா போய்ட்டு வரோம்."