பர்மனென்ட் கை

பொற்கொடிக்கு மன்னிக்கத் தெரியாது. அதை அவளே சொல்வாள், கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள். சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண். நெய்வேலிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் நெடுமாறனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் கூட்டிப் பெருக்குகிறாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் வார்டில் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காத ஆள் உலகத்தில் ஒருவர்தான். நெடுமாறனின் அண்ணன் கருணாகரன்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆனவர் கருணாகரன். தாத்தன் காலத்திலிருந்து அடுத்தவன் வயலில் குனிந்து நிமிர்ந்த குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. குவார்ட்டர்ஸ் கிடைத்தது, வண்டி வந்தது, கூடவே அவர் கை தொட்டால் துலங்கும் என்கிற நம்பிக்கையும் வந்து உட்கார்ந்துகொண்டது. சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் சேனை வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவரின் குணமும் யோகமும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமாம். பர்மனென்ட் கை பட்டால் பிள்ளையும் ஒருநாள் பர்மனென்ட் ஆகிவிடும் அல்லவா!

பொற்கொடிக்குத் தலைப்பிள்ளை காலையில் பிறந்தது. ஆண் பிள்ளை, நல்ல எடை. உடனே பால் கொடுக்கச் சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த பிரசவத்துக்குப் போனார். மாமியார் விருத்தாம்பாள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“பெரியவன் ஷிப்ட்டு முடிஞ்சி வந்துகினு இருக்கான். சேனை வெக்காம பால் குடுக்கக் கூடாது.”

“பசியில கத்துதுங்க அத்தை.”

“கத்தட்டும். கத்துனா நெஞ்சு வலுக்கும்.”

பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்தது. கட்டிய சீம்பாலை, கெட்ட பால் என்று துணியில் பீய்ச்சி எறியவைத்தாள் கிழவி. பொழுது சாயும் நேரத்தில் கருணாகரன் வேலை உடுப்போடு வந்தார். துண்டில் கையைத் துடைத்தார். கரி ஏறிய நகத்தோடு விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டு, பிள்ளையின் வாயில் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு.

பிள்ளை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காய்ச்சல் வந்தது, பால் குடிப்பதை நிறுத்தியது, உடம்பு சில்லிட்டது. வாய் வழியாகப் போன கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் டாக்டர். குழியை மூடிவிட்டு வந்த கருணாகரன், அவள் காதில் விழும்படியே சொன்னார்: “அவ ராசி அப்பிடி. பிள்ளய முழுங்கிட்டா.”

அன்றைக்குத் தெருமண்ணை வாரித் தூற்றியவள்தான் பொற்கொடி. பிறகு ஒரு பெண் பிறந்தாள். அவளைப் பெற்றவுடனே மார்போடு அணைத்துக்கொண்டு, கிட்டே வந்த மாமியாரைக் கடித்துக் குதறுகிற மாதிரி பார்த்தாள். அந்தப் பெண் இப்போது நன்றாகப் படிக்கிறாள். ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. கருணாகரன் குடும்பத்துக்கு ஒரு நாள் வரும், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று கருவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நாள் போன வருஷம் வந்தது. கருணாகரன் மகள் இசைப்பிரியா, பொற்கொடி பெருக்குகிற அதே வார்டில் ஆண் பிள்ளை பெற்றாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் விருத்தாம்பாள் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெரியவன் ஷிப்ட் முடிந்து வர வேண்டுமாம்.

பொற்கொடி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். பிள்ளை கத்தியது. அவள் மனதில் ஓடியதை மறைப்பானேன்? நடக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அந்த ஆளும் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைக்கட்டும். பக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கே போய்விட்டாள். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளை செத்தால் கருணாகரன் என்ன சொல்வார்? விதி என்பார். விதி என்று ஆகிவிட்டால், தன் பிள்ளையும் விதியில் செத்ததாகத்தானே ஆகும்? அதற்கு அவள் விடுவாளா!

அவள் திரும்பி வந்தபோது கருணாகரன் வார்டு வாசலில் நின்றிருந்தார், வேலை உடுப்போடு, கையில் டம்ளரோடு. பொற்கொடி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

“ஏய், பெருக்குற வேலய மட்டும் பாரு.”

“அதத்தான் மாமா பாக்கறேன்.” வார்டு முழுக்கக் கேட்கிற குரல். “என் பிள்ள பசியில கத்துச்சி, உங்களுக்காகக் காத்துக்கினு இருந்துச்சி. இதே வெரலத்தான் அது வாயில வெச்சீங்க. ஒரு வாரத்துல செத்துச்சி. என் ராசின்னு சொன்னீங்க. இது செத்தா யாரு ராசிங்க? உங்க பொண்ணு ராசியா?”

கட்டில்களில் இருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இசைப்பிரியா எழுந்து உட்கார்ந்தாள். “ஆயா, பிள்ளயக் குடு” என்று பாட்டியிடம் கையை நீட்டினாள். விருத்தாம்பாள் மகன் முகத்தைப் பார்த்தாள். “குடுன்னு சொல்றேன்ல!” என்று இசைப்பிரியா பிடுங்காத குறையாக வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது.

“நீ என் வவுத்துல பால வாத்த சித்தி” என்றாள் அழுதுகொண்டே.

“உனக்காகப் பண்ணலடி” என்றாள் பொற்கொடி. கருணாகரன் பக்கம் திரும்பினாள். “இது நல்லா இருக்கணும் மாமா. இது ஓடுறத, பேசுறத, பள்ளிக்கூடம் போறத எல்லாத்தையும் நீங்க பாக்கணும். பாக்குறப்பல்லாம் என் பிள்ள எப்பிடிச் செத்துச்சின்னு உங்களுக்குத் தெரியணும்.”

அதற்குப் பிறகு அந்தப் பேரனின் எந்த விசேஷத்தையும் பொற்கொடி தவறவிட்டதில்லை. காது குத்துக்கு முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றார் கருணாகரன். ஆள் இளைத்துப் போயிருந்தார்.

“தப்புதாம்மா பொற்கொடி. என்னை மன்னிச்சிடு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளையை ஆசை தீரப் பார்த்தாள்.

“மாட்டேன் மாமா” என்றாள்.