தலைக்கு மேலே சம்பந்தி

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவளைப் பற்றிய புகாரை அவளே எழுதட்டும்.

பசுமலை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கேம் செய்வதுதான் அவள் வேலை. இப்போது செய்வது வானத்தில் ஓர் ஊர். தண்ணீர் டிரம்மைப் படுக்கப்போட்டு உருட்டியதுபோல் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜனங்கள் அதன் உள்சுவரில் நடக்கிறார்கள்.

"விழுந்துர மாட்டாகளாடி?"

"தூக்குவாளிய வேகமாச் சுத்துனா தண்ணி சிந்துமா அப்பத்தா? அது மாதிரிதான்."

சிந்தாது. வயற்காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகையில் நான் சுற்றாத சுற்றா? ஒருநாள் கைப்பிடி கழன்று கொழுந்தனார் மேலெல்லாம் கஞ்சி. அது கிடக்கட்டும்.

அந்த ஊர்த் தெருவில் ஒரு கிழவி போனாள். வலது காலைச் சற்று இழுத்து, இடுப்பில் கை வைத்து. எனக்கு வயிறு எரிந்தது. மருமகளைப் பெற்ற திருவாதவூர்ச் சம்பந்தியம்மாவின் நடை அது!

"அம்மாச்சி நடக்குறத செல்லுல படம் புடிச்சு இதுல வச்சேன்" என்றாள்.

"ஏண்டி, மூணு வேளையும் ஆக்கிப்போட நானு, நடக்குறதுக்கு அவுகளா?"

"நீ எங்க நடக்குற? ஓடுறல்ல."

இரண்டு நாள் அவள் முன்னால் காப்பி டம்ளரை ணங்கென்று வைத்தேன். மூன்றாம் நாள் அவளே, என் நடையையும் படம் பிடிக்க, மாடிக்குக் கூப்பிட்டாள். பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

"சேலையெல்லாம் வராது அப்பத்தா, நடை மட்டுந்தான்."

"இருக்கட்டும், நீ எடு."

மறுநாள் திரையில் நானும் விசுக்விசுக்கென்று போனேன்.

"அவுகள எங்கடி?"

"மேல பாரு."

உச்சியில், பல்லிபோல, தலைகீழாகச் சம்பந்தியம்மா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொத்தானை அமுக்கினால் பந்து எறியலாம் என்றாள். விடுவேனா? குறிபார்த்து எறிந்தேன். பந்து பாதி வழியில் வளைந்து எங்கோ விழுந்தது.

"நேராத்தானடி எறிஞ்சேன்?"

"ஊரு சுத்துதுல்ல."

வண்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்குப் போனபோது, சுற்றும் ராட்டினத்தில் எதிரே இருந்த தங்கச்சிக்கு நான் எறிந்த பொரி உருண்டையும் யார் மடியிலோதான் விழுந்தது.

"போகட்டும், தலகீழா நிக்கிறாகல்ல, அம்புட்டுப் போதும்."

பேத்தி சிரித்துக்கொண்டே எதையோ தட்டினாள். "இப்ப அம்மாச்சி இருக்குற எடத்துலருந்து பாரு."

சம்பந்தியம்மா தரையில் நிமிர்ந்து, நிதானமாக நடந்துகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, தலைகீழாக, ஒரு கிழவி விசுக்விசுக்கென்று போய்க்கொண்டிருந்தாள்.

"அடியே, இத மட்டும் அவுகளுக்குக் காட்டிராத."