படுத்துக்கொண்டு வந்த உயரம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் உயரம் வாய்க்கவில்லை. கோபம், குரல், பசி எல்லாம் தாராளமாக வந்து சேர்ந்தன; உயரத்தில் மட்டும் ஆண்டவன் கையை இறுக்கிக்கொண்டுவிட்டான். அப்பா நாற்காலி போட்டு ஏறித்தான் சாமிப் படத்துக்குப் பூ வைப்பார். ஆகவே அப்பாவின் தங்கையான என் அத்தை தீயணைப்பு வேலைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் பொம்பா வேலைக்கு, மனுப் போட்டபோது ஓட்டத்தைப் பற்றியோ பளு இழுப்பதைப் பற்றியோ யாரும் கவலைப்படவில்லை. செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உரமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுகிறவர் அவர். இறங்கி வரும்போது பாட்டு வேறு பாடுவார். கவலையெல்லாம் மற்றச் சோதனைகளுக்கு முன்னால் நிற்கவைத்திருந்த உயர அளவுகோலைப் பற்றித்தான்.

முதல் முறை போனபோது அது அவரைக் கவிழ்த்துவிட்டது. காலையிலிருந்து வெயிலில் வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல் அவர் முறை வந்தது. ஒரு நகக்கண் அளவு குறைவு என்றார்களாம். ஓடிக் காட்டவும் விடவில்லை, இழுத்துக் காட்டவும் விடவில்லை. அன்று வீட்டுக்கு வந்த அத்தை நேரே கொல்லைக்குப் போய், கேஸ் அடுப்பு வந்து வருடக்கணக்கான எங்கள் வீட்டுக்கு ஒரு மாதத்துக்குக் காணும் அளவு விறகு பிளந்து அடுக்கினார்.

அவருக்கு அந்த வேலையின் மீது ஆசை வந்ததற்குக் காரணம் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு முறை கடைசி வீடு தீப்பிடித்தபோது, பொம்பா வண்டி வருவதற்குள் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய், படுக்கையில் கிடந்த ஒரு தாத்தாவை முதுகில் சுமந்து வந்தவர் அத்தை. வண்டியோடு வந்த பெரியவர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்து, நீ எங்களோடு இருக்க வேண்டியவள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொன்ன வார்த்தையாகவும் இருக்கலாம். அத்தை அதை நெஞ்சில் எழுதிக்கொண்டார்.

மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இதை விட்டால் அடுத்த முறைக்குள் அத்தைக்கு வயது தாண்டிவிடும். வளர்ந்து முடிந்த பெண்ணுக்கு உயரத்தை எங்கே போய் வாங்குவது?

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணனான அவர் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். வேனில் யார் என்ன பேசினாலும் அது அவருடைய அறிவாகிவிடும். மனிதன் காலையில் எழும்போது கொஞ்சம் உயரமாக இருக்கிறான், நின்று நடந்து வேலை செய்யச் செய்ய முதுகெலும்புக்குள் இருக்கும் ஜவ்வு அமுங்கிச் சாயங்காலத்துக்குள் குள்ளமாகிவிடுகிறான் என்று யாரோ ஒரு தாதி சொல்லியிருக்கிறார். மாமா அதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். மாமா விடவில்லை. சமையலறைக் கதவோரம் அத்தையை நிறுத்தி, விடிந்ததும் ஒரு கோடு, பொழுது சாய்ந்ததும் ஒரு கோடு போட்டார். இரண்டு கோட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம் அழகாகப் பொருந்தியது. அப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“அப்பறம் என்னா? படுத்த ஆள எழுப்பாம அப்படியே கொண்டுபோயி குச்சிக்குக் கீழ நிறுத்த வேண்டியதுதான்லா,” என்றார் மாமா.

சோதனை மலாக்கா பட்டணத்துத் திடலில், எங்கள் பேச்சில் பாடாங்கில், நடந்தது. முந்தின நாள் சாயங்காலமே அத்தையைப் படுக்க வைத்துவிட்டார்கள். எழுந்து போகிற தேவை வரக்கூடாது என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் தலையைத் தூக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. என்னை எழுப்புவதும் உட்காரவைப்பதுமாக இருந்த ஒருவரை நான் அதட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த அதிகாரத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்தினேன் என்று பிற்பாடு அத்தை சொல்வார்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அப்பாவும் மாமாவும் மெத்தையின் இரு தலைப்பையும் பிடித்து அத்தையை வெளியே தூக்கி வந்தார்கள். பனி விழுகிறதே என்று அம்மா கழுத்துவரை வெள்ளைப் போர்வையைப் போர்த்தியிருந்தார். எல்லாவற்றையும் யோசித்த மாமா இதை மட்டும் யோசிக்கவில்லை. வாசல் கூட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியம்மா, வெள்ளைத் துணி போர்த்திய உடலை இரண்டு பேர் வேனில் ஏற்றுவதைப் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு, “ஐயோ, நேத்துக்கூட மூட்ட தூக்குனியேடீ!” என்று எடுத்தாரே ஒரு குரல், லயம் முழுவதும் கதவுகள் திறந்துகொண்டன. ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். ஒருவர் சட்டைகூடப் போடவில்லை.

அத்தை எழுந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உட்காரக்கூடாதே! போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி, “நான் சாகல பெரிம்மா, ஒசரம் அளக்கப் போறேன்!” என்று கத்தினார். பிணம் கையை நீட்டியதில் பெரியம்மா இன்னும் பெரிதாக அலறினார். விஷயம் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் அழுதவர்களே சிரித்தார்கள். சிரித்தவர்களில் நாலைந்து பேர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே மலாக்காவுக்கு வந்துவிட்டார்கள்.

பாதி வழியில் அம்மா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். படுத்திருந்த அத்தையின் தலைமுடியை எல்லாம் உச்சிக்கு இழுத்து, உள்ளே ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வைத்து, கெட்டியாக ஓர் உச்சிக்கொண்டை போட்டார். ஜவ்வு ஒரு நகம் கொடுத்தால் கொண்டை இரண்டு விரல் கொடுக்கும் என்பது அம்மாவின் கணக்கு.

பாடாங்கில் வரிசை ஏற்கனவே தொடங்கியிருந்தது. பெண்கள் வரிசையில் முதல் ஆளாக ஒரு பெண் நின்றாள். பெம்பான் பக்கத்துத் தோட்டத்துப் பெண், அத்தையைவிட நாலைந்து வயது இளையவள். கட்டையாக, உருண்டு திரண்ட தோளோடு, அவளும் எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவள் போலத்தான் இருந்தாள். அவள் தலையிலும் ஒரு கொண்டை. அம்மா அவளிடம் போய் விஷயத்தைச் சொல்லி, நாத்தனார் வரும்வரை தான் முன்னால் நிற்கலாமா என்று கேட்டார். அவள் சிரித்த சிரிப்பு எங்கள் வேன்வரை கேட்டது.

“அக்கா நல்லா படுத்திருக்கட்டும்லா. நீங்களும் போயி ஒக்காருங்க. எடத்த நான் பாத்துக்கறேன், யாரையும் நொழைய விட மாட்டேன்.”

அப்படியே செய்தாள். தன்னை இரண்டாவது ஆளாக ஆக்கிக்கொண்டு, முன்னால் ஒரு காலி இடத்தை விட்டு, வெயில் ஏறும்வரை காவலுக்கு நின்றாள். நடுவே நுழைய வந்த இரண்டு பேரை வாயாலேயே விரட்டினாள். அத்தை வேனுக்குள் படுத்திருந்தார். நான் விசிறினேன்.

அதிகாரி அம்மாள் வந்து அளவுகோலின் பக்கத்தில் நின்று முதல் ஆளைக் கூப்பிட்டதும், மாமாவும் அப்பாவும் அத்தையை வேனிலிருந்து இறக்கி விட்டார்கள். முந்தின சாயங்காலத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் பாதம் தரையில் பட்டது. அடிமேல் அடி வைத்து நடந்து போய்ப் பலகையின் மேல் ஏறினார். நாங்கள் கம்பி வேலியில் முகத்தைப் பதித்துக்கொண்டு பார்த்தோம். அதிகாரி குச்சியை இறக்கக் கையை உயர்த்தினார். அதற்குள் அத்தை இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோனார். கொண்டை ஊசிகளைப் பிடுங்கினார். கைக்குட்டை கீழே விழுந்தது. கூந்தல் இடுப்புக்குக் கீழே சரிந்தது.

அம்மா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, “ஏய், என்னாடீ செய்யிற!” என்று பதறினார்.

அத்தை திரும்பாமலே பதில் சொன்னார். “படுத்துகிட்டு வந்தது என் ஒசரம் அண்ணி. கொண்ட என் ஒசரமில்ல.”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. ஏமாற்றுவதென்று கிளம்பிவிட்டால் முழுதாக ஏமாற்ற வேண்டியதுதானே? இரண்டு விரல் உயரத்தைத் தானாகவே பிடுங்கிப் போடுகிற பைத்தியம் உலகத்தில் எங்கள் அத்தை ஒருவர்தான் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குச்சி இறங்கியது. உச்சந்தலையில் பட்டது. அதிகாரி குனிந்து பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். கோட்டுக்குச் சரியாக நின்றிருந்தார் அத்தை. மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்த குதியில் வேலி வளைந்துவிட்டது.

அந்த அதிகாரி கூந்தலை அவிழ்க்கச் சொல்லியிருப்பாரோ, கொண்டையோடு விட்டிருப்பாரோ, யாருக்குத் தெரியும்? அத்தை அவிழ்த்த பிறகு வேறு வழியில்லை. வரிசையில் இருந்த எல்லாப் பெண்களையும் முடியை அவிழ்த்துவிட்டு வரச் சொன்னார். கோயில் குளத்தில் முழுக்குப் போட வந்தவர்களைப் போல எல்லோரும் ஊசிகளைப் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்ததாகப் பலகையில் ஏறியவள் பெம்பான் பெண். குச்சி இறங்கியது. அதிகாரி பார்த்தார். உயரம் போதாதென்பதை வருத்தத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவள் இறங்கினாள்.

பிறகு ஓட்டம். மாமாவின் திட்டத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. இரவெல்லாம் கிடந்த உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. வயிறும் காலி. முதல் சுற்றில் அத்தை கடைசி. கால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த அண்ணன்மார்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எனக்கு எங்கே திரும்பினாலும் அழுகைதான். இரண்டாவது சுற்றில் வியர்வை வந்தது. வியர்வையோடு எங்கள் அத்தையும் வந்தார்! மேட்டில் மூட்டை ஏற்றுகிறவருக்குச் சமதரை எம்மாத்திரம்? ஒருத்தியைத் தாண்டினார், இன்னொருத்தியைத் தாண்டினார், நேரத்துக்குள் முடித்தார்.

வேலியோரம் நின்ற யாரோ ஒருவர், பெண்களுக்கு ஓட்டத்தில் நேரம் கூடக் கொடுக்கிறார்கள், இது என்ன நியாயம் என்று முணுமுணுத்தார். அம்மா சும்மா இருப்பாரா? “அங்க கெடக்குற பொம்மைய பாருங்க தம்பி. அதுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. எல்லாருக்கும் ஒரே கனந்தான்,” என்றார். உண்மைதான். தீயில் சிக்கிய ஆளுக்குப் பதிலாக மணல் அடைத்துப் போட்டிருந்த அந்தக் கனத்த பொம்மையை ஆண்களே மூச்சு வாங்கி வாங்கித்தான் இழுத்தார்கள். அத்தை குனிந்து, அதன் அக்குளில் கையைக் கொடுத்து, மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். வழியில் ஒரு முறைகூடக் கீழே வைக்கவில்லை. நேரம் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி கடிகாரத்தைவிட்டு அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்றைக்கும் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். என் அத்தை இப்போது சீருடையில் இருக்கிறார். எத்தனையோ பேரை வெள்ளத்திலிருந்தும் நசுங்கிய காரிலிருந்தும் வெளியே எடுத்திருக்கிறார். வண்டியின் மேல்தட்டில் இருக்கும் சாமானை எடுக்க மட்டும் படியில் ஒரு கால் வைத்து எம்பவேண்டியிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த உயர விதிக்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தக் காரணத்துக்கு ஒரு படி போதும் என்பார். எங்கள் குடும்பத்தில் யார் எந்த வேலைக்குப் போனாலும், இன்னாருடைய அண்ணன் மகள், இன்னாருடைய அண்ணன் மகன் என்றுதான் இப்போது அறிமுகம்.

அன்று சாயங்காலம் தேறியவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் படித்தார்கள். அத்தையின் பெயர் வந்தது. அப்பா அழுதார், அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா யார் யாரையோ கட்டிப்பிடித்தார். நான் காலையிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த பார்லித் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அத்தையை நோக்கி ஓடினேன்.

அத்தை எங்களிடம் வரவில்லை. எங்களைத் தாண்டி, வேலியின் மறுகோடிக்குப் போனார். அங்கே அந்தப் பெம்பான் பெண் நின்றுகொண்டிருந்தாள். காலையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் அவிழ்த்த முடியோடு கடைசிவரை நின்று பார்த்திருக்கிறாள். அத்தை அவள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள்தான் பேசினாள். “என்னாக்கா இது, பாஸாயிட்டு அழுவுறீங்க? அடுத்த தடவ அந்த வேன எங்க வீட்டுக்கு அனுப்புங்கலா,” என்று சொல்லிச் சிரித்து, அத்தையின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் போத்தலை நீட்டினேன். அத்தை அதை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல், அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவள் நிமிர்ந்து நின்று குடித்தாள். என் அத்தை அழுதுகொண்டு நின்றார். ஒலிபெருக்கியில் ஏதோ தவறு நடந்துவிட்டது, இவர்கள் இருவர் பெயரையும் மாற்றிப் படித்துவிட்டார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் திரும்பி ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, நம்ம அத்ததானே ஜெயிச்சாங்க?”