வெளுத்த கண்ணாடியில் தெளிந்த கை

பேயை மறுத்தே மேடைகளில் பெயர் வாங்கியவன் நான். அந்த நானே சொல்கிறேன்: இது நடந்தது. வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில், திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளர் வாசிகசாலையின் மேல்மாடியில்.

தரைமுதல் கூரைவரை அங்கே புதுவகைக் கண்ணாடி. இரு தகடுகளுக்கு நடுவே ஒரு கூழ். சூடு முப்பத்திரண்டு பாகையைத் தாண்டினால் அது பாலாய் வெளுத்து வெயிலைத் தடுக்கும், குளிர்ந்தால் தெளியும். மின்சாரச் செலவின்றித் தொழிலாளி நிழலில் இருந்து படிக்கட்டும் என்று துண்டுப்பிரசுரம் அடித்துப் போராடிப் பெற்றோம். பொருத்தியவர் ரஜீவன். அன்று பரிசோதனை.

“பழுது கண்டா சிவப்புப் பேனையால சுத்தி வையுங்கோ. மத்தியானம் வந்து பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு, காலையில் வேறொரு வேலைக்குப் போயிருந்தார்.

12.10. கண்ணாடி முழுவதும் வெள்ளை. என் தலைக்கு மேலே ஓரிடம் மட்டும் தெளிந்தது.

ஐந்து விரல்கள். ஓர் உள்ளங்கை.

மனிதக் கை பட்டால் தெளியாது. பனிக்கட்டி பட வேண்டும்... வெளியே நிற்க இடமுமில்லை. முப்பது அடி ஆழம்.

சிவப்புக் கோடு போட்டேன்.

12.25. தட்... இன்னொரு கை. நெஞ்சளவில்.

ரஜீவனின் மனைவி தயாளினி படியேறி வந்தாள்.

“இவர் வந்தவரா அண்ணன்? கிண்ணியாவில ஐஸ் அறைக் கதவு திருத்தப் போனவர். போன் எடுக்கிறாரில்ல.” என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பேயில்லையெண்டு நோட்டீஸ் அடிக்கிற ஆள், இப்பிடி வெளிறிப்போய் நிக்கிறியள்?”

“பழுது, தங்கச்சி. வேறொண்டுமில்லை.”

அவள் அந்தத் தடத்தில் தன் கையை வைத்தாள்.

“ஐயோ, குளிருது! ...ஒருக்காப் போய்ப் பாப்பமா?”

“வருவார். இருங்கோ.”

12.40. தட். இடுப்பளவில்.

12.52. முழங்காலளவில். சத்தமில்லை.

1.03. தரையோரம்.

அது மெல்ல... வெளுத்தது.

பின்னேரம் செய்தி வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்கள், உள்ளே ஆளிருப்பது தெரியாமல் ஐஸ் அறையைப் பூட்டியிருக்கிறார்கள். அவர் போன் வெளியே பையில் கிடந்திருக்கிறது. கதவின் உட்புறப் பனியில் கைத்தடங்கள், மேலிருந்து கீழாக.

ஒரு மணிவரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

வாசிகசாலையிலிருந்து அந்தக் கதவுக்கு, மோட்டார் சைக்கிளில், இருபது நிமிடம்.