சவரியின் பெயர் வெட்டிய தகடு

செய்தி வந்தபோது நான் திண்டுக்கல்லில் ஜீப்பில் இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டிருந்தேன். சவரிமுத்து வாங்கி வரச் சொன்ன தகடு. போனில் அவன் மனைவி ஆரோக்கியம், "அண்ணே, வெரசா வாங்க. அவரு பேச மாட்டேங்கிறாரு" என்று அழுதாள். நான் மலையேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கொடைக்கானலில் எங்கள் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கெல்லாம் அவர் சவரியண்ணன். எனக்குப் பட்டறையில் சரிபாதி. 'அவன்' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது போய் மரியாதை கொடுத்தால் அவனே சிரிப்பான்.

கேட், கிரில் என்று எத்தனையோ செய்தோம். ஆனால் எங்களுக்குப் பேர் வாங்கித் தந்தவை கல்லறைச் சிலுவைகள்தான். கல்லறைத் திருநாள் நெருங்கினால், இறந்தவர் பெயரைத் தகட்டில் எழுத்தெழுத்தாக வெட்டிச் சிலுவையில் பற்றவைத்துத் தருவோம். வெட்டுகிற கை சவரியுடையது.

அந்தக் கை ஒருநாள் நடுங்க ஆரம்பித்தது. குளிர் என்றான். வெயிலிலும் நடுங்கியது. இறந்துபோன ஒரு டீச்சரின் பெயர் கோணலாக வந்த அன்று, இரும்பு வெட்டும் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டான்.

"செத்தவங்க பேரு கோணலா இருக்கக் கூடாது முருகேசு. அவங்களால வந்து கேக்க முடியாதுல்ல."

அதன் பிறகுதான் கை தேவைப்படாத அந்த மேசையைக் கட்டத் தொடங்கினான். கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டிலேயே பிளாஸ்மா டார்ச் தானாக நகர்ந்து இரும்பை வெட்ட வேண்டும். "இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் சோலி, நமக்கெதுக்குடா?" என்று சலித்துக்கொண்டேன். அவன் பாட்டுக்கு இரும்பில் சட்டம் அடித்தான். மூடிப்போன ஜெராக்ஸ் கடையின் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தான். மோட்டாரும் பெல்ட்டும் பார்சலில் வந்தன. டார்ச்சில் பொறி கிளம்பினால் கம்ப்யூட்டர் நின்றுபோகும். மலையில் மூடுபனியாய் மஞ்சு இறங்கினால் கம்ப்ரசர் காற்றில் ஈரம் ஏறி, டார்ச் வெட்டாமல் துப்பும். எர்த் கம்பியை மாற்றுவான், காற்றுக் குழாயில் ஈரத்தை வடிப்பான், மேசையைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஒரு வழியாக வெள்ளோட்டம் பார்க்கிற நாள் வந்தது. யார் பெயரை வெட்டிப் பார்ப்பது?

"உசுரோட இருக்கவங்க பேரக் கல்லறைத் தகட்டுல போட்டா சண்டைக்கு வந்துருவாங்க. எம் பேரையே போடு" என்றான்.

போட்டேன். எழுத்துகள் அலையலையாக நடுங்கி வந்தன. "மேசைக்கும் ஒன் கை வந்துருச்சுடா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனோ கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "ஏலே, இது தொளதொளன்னு கெடக்கு" என்று இறுக்கினான். அடுத்து அந்த டீச்சரின் பெயரை வெட்டினோம். நேராக வந்தது. சூடு ஆறுகிறவரை காத்திருந்து, அந்தத் தகட்டை வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றான். அவன் பெயர் நடுங்கிய தகட்டை வேடிக்கைக்காகப் பட்டறைச் சுவரில் மாட்டினோம்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்த தகட்டை மேசையில் ஏற்றினேன். பெல்ட்டை இறுக்கினேன். மஞ்சு விலகுகிறவரை காத்திருந்து அவன் பெயரை வெட்டினேன். மயிரிழை பிசகவில்லை. எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்திடம் போனேன்.

"நல்லாத்தான் இருக்குங்கண்ணே. ஆனா வேற யாரு பேரோ மாதிரி இருக்கு. பட்டறையில தொங்குதே, அதக் குடுங்க. அதுலதான் அவரு கை இருக்கு."

அது அவன் கையல்ல, தளர்ந்த பெல்ட். சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நடுங்கிய தகட்டையே கழற்றிச் சிலுவையில் பற்றவைத்தேன். முகமூடிக்குள் அழுதுகொண்டுதான் பற்றவைத்தேன்.

நேராக வந்த தகடு என்னிடம் இருக்கிறது. பழையது தொங்கிய ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். அவனுடையது என்று எனக்கு மிஞ்சியது அதுவும் அந்த மேசையும்தான்.

சவரி, கல்லறையில் உன் பேரு கோணலாத்தான்டா நிக்குது. ஒரு தடவை வந்து கேளேன்.