ஆயுத பூசையன்று நான் அடைத்த பெட்டி

எங்கள் செம்பனைத் தோட்ட ஆபீசில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. எந்தச் சுவிட்ச் எதற்கென்று என்னளவுக்குத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

பின்னறை அலமாரியில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி ஒன்று இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர், மில், லோரி எடைமேடை எல்லாவற்றுக்கும் இண்டர்நெட் லைன் அதன் வழியாகத்தான். ஆயுத பூசையன்று மற்ற இயந்திரங்களோடு அதற்கும் கரண்டை அடைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி திறப்பேன். பாவம், அதற்கும் வருடத்தில் பத்து நிமிடம் ஓய்வு வேண்டாமா?

அந்த வருடம் அதே மத்தியானத்தில் கோலாலம்பூர் தலைமை ஆபீஸ்காரர்கள் லைன் வழியாகவே அதற்கு அப்டேட் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு முன்கூட்டியே மெயில் வந்திருந்தது. கூட்டுகிறவளிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்? பாதியில் அடைத்துவிட்டேன். திரும்பத் திறந்தால் சிவப்பு விளக்கு. எடைமேடை நின்றது. பனைக்குலை ஏற்றிய லோரிகள் வாசல் கேட்டு வரைக்கும் வரிசை கட்டின.

சிரம்பானிலிருந்து நம்ம தமிழ்ப் பையன் ஒருவன் பழுது பார்க்க வந்தான்.

"யாரு பாட்டி இதுக்குப் பொட்டு வச்சது?"

"நான்தான். வருஷா வருஷம் வைக்கிறேன். இந்தத் தடவைதான் கோவிச்சுக்கிச்சு."

"ஆபரேசன் நடக்கறப்ப கரண்ட அடைச்சா? அடுத்த மாசத்தோட இதுக்கு ஆயுசு முடியுது. செஞ்ச கம்பெனி இனிமே அப்டேட் தராது, இதான் கடைசி. புதுசு வாங்குங்கன்னு எத்தன மெயில் போட்டேன்!"

வாசலில் நின்ற மானேஜர் விட்டத்தைப் பார்த்தார். ஓடுகிறதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். எனக்கு வயதாகிவிட்டது, வீட்டில் இருக்கலாமே என்று மாதாமாதம் சொல்பவரும் அவர்தான்.

பையன் ரிப்போர்ட் எழுதும்போது குரலைத் தாழ்த்தினான்.

"கரண்டு கட்டாயிருச்சுன்னு எழுதிடறேன். இல்லாட்டி உங்க வேலை போயிரும் லா."

"கரண்டு போகல தம்பி. நான் அடைச்சேன். அப்படியே எழுது."

எழுதினான். போகிறபோது, அந்தப் பெட்டியின் பிளக் எதுவென்று கிராணியையும் மானேஜரையும் கேட்டதற்கு இருவருமே மேசைக் காற்றாடியின் பிளக்கைக் காட்டியதாகவும் ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொண்டான்.

ஒரு வாரம் வேலை போகும் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது. கிராணி தயங்கித் தயங்கித்தான் படித்தார். புதுப் பெட்டி வருகிறதாம். அறைச் சாவி இனி என் பொறுப்பாம். என்னிடம் சொல்லாமல் எந்த அப்டேட்டும் கூடாதாம்.

போன வாரம் மானேஜரே ஒரு தாளோடு வந்தார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை அப்டேட் வருது."

"எத்தன மணிக்கு ஆரம்பம், எப்ப முடியுதுன்னு படிங்க. அப்புறம் பாக்கலாம்," என்றேன்.

நின்றுகொண்டே படித்தார்.